டிரெட்மில்லுக்கு முன்னால் இரும்பு வாங்குங்கள்

வீட்டிலேயே உடற்பயிற்சி செய்யலாம் என்று முடிவானதும் நம்மூரில் முதலில் வந்து இறங்குவது டிரெட்மில். இந்த வரிசையே தலைகீழ் என்பது என் கட்சி. நடப்பதற்குத் தெரு இருக்கிறது, மொட்டைமாடி இருக்கிறது. தூக்குவதற்குத்தான் வீட்டில் ஒன்றும் இல்லை. உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டி, வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் வேகநடை போன்ற மிதமான பயிற்சியோடு, இரண்டு நாளாவது தசைக்கு வேலை தரச் சொல்கிறது. முதலாவதற்கு ஒரு ஜோடி ஷூ போதும். சாமான் தேவைப்படுவது இரண்டாவதற்கு.

எனவே முதலில் டம்பெல். பிளேட் மாட்டிக் கழற்றுகிற வகைதான் வீட்டுக்குச் சரி. இரண்டு சின்ன ராடு, 5, 2.5, 1.25 கிலோ பிளேட் ஒவ்வொன்றிலும் நான்கு. பிளேட் மட்டும் மொத்தம் 35 கிலோ. ஒரு கைக்கு 2.5 கிலோவில் தொடங்கி 17.5 கிலோ வரை போகலாம். ராடின் எடை தனி. உட்கார்ந்து எழுகிற ஸ்குவாட், குனிந்து இழுக்கிற ரோ, தோளுக்கு மேல் தூக்குகிற பிரஸ் எல்லாம் இதிலேயே முடிந்துவிடும். அந்த 1.25 பிளேட்டை மிச்சம் பிடிக்கிறேன் என்று விட்டுவிடாதீர்கள். அது இல்லாவிட்டால் 5 கிலோவிலிருந்து நேராக 10க்குத் தாவவேண்டும், தோள்பட்டை தாங்காது.

கடையில் மலிவாகத் தொங்கும் கலர் கலரான பிவிசி பிளேட்டுகளுக்குள் இருப்பது பெரும்பாலும் சிமெண்ட் கலவை. ஒரே எடைக்கு இரும்பைவிடத் தடிமன் அதிகம், ராடில் நான்கு மாட்டினாலே இடம் தீர்ந்துவிடும். கீழே போட்டால் ஓரம் விரிந்து தூள் கொட்டும். வார்ப்பிரும்பு வாங்குங்கள், அல்லது ரப்பர் பூசிய இரும்பு. ராடின் தடிமனையும் பிளேட்டின் துளையையும் கடையிலேயே மாட்டிப் பாருங்கள். ஜிம்மில் இருக்கும் பெரிய ஒலிம்பிக் ராடுக்கான பிளேட்டின் துளை 50 மில்லிமீட்டர். வீட்டு ராடுகள் அதில் ஏறக்குறையப் பாதி தடிமன்தான். தெரியாமல் கலந்து வாங்கினால் பிளேட் ஆடும். பூட்டுக்கு ஸ்பிரிங் கிளிப் வேண்டாம், ரப்பர் வளையம் வைத்த மரை நட் கேளுங்கள். தலைக்கு மேல் தூக்கும்போது ஸ்பிரிங் நழுவினால் பிளேட் விழுவது முகத்தில். எடையையும் நிறுத்துப் பார்க்கலாம், அதில் கூச்சம் வேண்டாம். கடற்கரை ஊர்க்காரர்கள் வியர்வையைத் துடைத்துவிட்டு மாதம் ஒருமுறை மெஷின் ஆயில் தொட்ட துணியால் ராடைத் துடைத்தால் துரு அண்டாது.

அடுத்து, தொங்கி உடம்பை மேலே இழுப்பதற்குக் கதவு நிலையில் மாட்டும் புல்அப் பார். இணையத்தில் பார்த்துவிட்டு, திருகு எதுவும் இல்லாமல் நிலைக்கு மேல் கொக்கிபோல உட்காரும் வகையை வாங்குபவர்கள் அதிகம். அது கதவு நிலையின் மேல்விளிம்பு சுவரைவிட வெளியே துருத்திக்கொண்டிருக்கும் வீடுகளுக்கானது. நம் வீடுகளில் நிலை பெரும்பாலும் பூச்சோடு சமமாக இருக்கும், கொக்கிக்குப் பிடிமானமே கிடைக்காது. நிலையின் இரண்டு பக்கமும் திருகி இறுக்குகிற வகை என்றால், கூடவே தரும் கிண்ணங்களை மரத்தில் ஸ்குரூ போட்டுப் பொருத்தாமல் தொங்கக்கூடாது. பழைய தேக்கு நிலை தாங்கும். புது ஃபிளாட்களில் வரும் லேசான நிலைகளை நம்பாதீர்கள். சுவரில் அடிப்பதானால் கான்கிரீட் பீமில் ஆங்கர் போல்ட். உள்ளே பொத்தலான கல்லோ எடை குறைந்த பிளாக்கோ வைத்துக் கட்டிய சுவர் என்றால் அந்த யோசனையை விட்டுவிடுங்கள்.

இழுத்துப் பயிற்சி செய்கிற ரப்பர் பட்டையான ரெசிஸ்டன்ஸ் பேண்ட் நல்ல பொருள்தான், ஆனால் லேடக்ஸ் ரப்பருக்கு வெயில் எதிரி. ஜன்னலோரம் தொங்கவிட்டால் மயிரிழை வெடிப்பு விடும், இழுக்கும்போது அறுந்து கண்ணில் அடிக்கும். மாட்டும் முன் விரலால் நீளவாக்கில் தடவிப் பாருங்கள்.

இனி டிரெட்மில். மழை, தெருநாய், நடைபாதையே இல்லாத சாலை, இரவில் வெளியே போக முடியாத நேரம் என்று வாங்கியே தீரவேண்டிய வீடுகளும் உண்டு. அவர்கள் பெட்டியில் பெரிதாக அச்சிட்ட எச்பி (குதிரைத்திறன்) எண்ணை நம்பவேண்டாம். அது பீக் எச்பி, மோட்டார் ஒரு கணம் எட்டக்கூடிய உச்சம். 4 எச்பி என்றால் ஏறக்குறைய 3000 வாட். வீட்டின் சாதாரண 6 ஆம்பியர் பாயிண்டில் 230 வோல்ட்டில் கிடைப்பது 1380 வாட், அதாவது இரண்டு எச்பிகூட இல்லை. கேட்கவேண்டியது கண்டினியூவஸ் எச்பி, அதாவது மோட்டார் நிற்காமல் தொடர்ந்து தரும் சக்தி எவ்வளவு என்று. கடைக்காரர் மழுப்பினால் அடுத்த கடை.

வேகமாக ஓடுபவர்தான் மோட்டாரைக் கெடுப்பார் என்று ஒரு நினைப்பு இருக்கிறது. உண்மையில் 90 கிலோ ஆள் மணிக்கு 3 கிலோமீட்டரில் மெதுவாக நடப்பது அதற்குப் பெரிய சோதனை. பாதம் பெல்ட்டை அழுத்தி நிற்கும் நேரம் அதிகம், மோட்டாரோ மெதுவாகச் சுற்றுவதால் அதன் ஃபேன் காற்றும் குறைவு. மின்னோட்டம் ஏறி, சூடாகி, கடைசியில் போவது கண்ட்ரோல் போர்டு. ஆகவே அதிகபட்ச எடை என்று எழுதியிருப்பது உங்கள் எடையைவிட 20 கிலோவாவது கூட இருக்கட்டும். வாரண்டி கேட்கும்போதும் மோட்டாருக்கு எத்தனை வருடம் என்பதோடு போர்டுக்கு எத்தனை என்று தனியாகக் கேளுங்கள்.

நடக்க மட்டும் என்றால் பெல்ட் 40 செ.மீ. அகலம், 110 முதல் 120 செ.மீ. நீளம் போதும். ஓடுவதற்கு 45க்கு மேல் அகலமும் 130க்கு மேல் நீளமும் வேண்டும், உயரமானவர்களுக்கு இன்னும். பின்னால் இரண்டு மீட்டர் காலி இடம் விடவேண்டும். சுவரை ஒட்டி வைத்துவிட்டு வழுக்கினால் பெல்ட்டுக்கும் சுவருக்கும் நடுவே மாட்டிக்கொள்வீர்கள். மேலே சீலிங் ஃபேனையும் லாஃப்டையும் பாருங்கள். மெஷின் மேடை தரையிலிருந்து 15 செ.மீ.க்கு மேல் இருக்கும், மேடையைச் சரிவாக உயர்த்தும் இன்கிளைன் போட்டால் இன்னும் ஏறும். வீட்டு இன்வெர்ட்டர் இணைப்பில் போடாதீர்கள். குழந்தை இருக்கும் வீட்டில் பயிற்சி முடிந்ததும் சேஃப்டி கீயை (அது இல்லாமல் மெஷின் ஓடாது) கழற்றி அலமாரியில் வைக்கவேண்டும். ஓடும் பெல்ட்டில் கை வைத்தால் தோல் உரிந்துவிடும்.

பராமரிப்பு என்றால் முக்கியமாக எண்ணெய். பெல்ட்டுக்கு அடியில் கைவிட்டுப் பலகையைத் தொடுங்கள், வறண்டிருந்தால் சிலிக்கான் ஆயில் விடுங்கள், கையேட்டில் சொன்ன அளவு. தேங்காய் எண்ணெயோ தையல் மெஷின் ஆயிலோ கூடாது. பெல்ட் இடப்பக்கம் ஒதுங்கினால் பின்னாலுள்ள இடது போல்ட்டை ஆலன் கீயால் வலஞ்சுழியாகக் கால் சுற்று, பிறகு ஒரு நிமிடம் ஓடவிட்டுப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த கால் சுற்று. அவசரப்பட்டு முழுச் சுற்றுச் சுற்றினால் பெல்ட் மறுபக்கம் போய் ஓரம் நைந்துவிடும்.

முழங்கால் தேய்மானம் உள்ளவர்களுக்கு டிரெட்மில்லைவிடச் சாய்ந்து உட்கார்ந்து மிதிக்கும் மேக்னெட்டிக் உடற்பயிற்சி சைக்கிள் மேல், மருத்துவரைக் கேட்டுவிட்டு. தொப்பையில் கட்டும் அதிர்வு பெல்ட், மேலே நின்று இடுப்பைத் திருப்பும் ட்விஸ்டர் தட்டு இவற்றைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. ஓர் இடத்துக் கொழுப்பை மட்டும் ஆட்டிக் கரைக்க முடியாது.

பழைய சாமான் வாங்கத் தயங்கவேண்டாம். இரும்பு பிளேட் வெடிப்பில்லாமல் இருந்தால் வயது பார்க்கத் தேவையே இல்லை. டிரெட்மில் என்றால் வீட்டிலேயே கனமான ஆளை ஏற்றி, 3 கிலோமீட்டர் வேகத்தில் பத்து நிமிடம் நடக்கவிடுங்கள். காலை ஊன்றும்போது பெல்ட் ஒரு நொடி தயங்கினாலோ, மோட்டார் பக்கம் கருகல் வாடை வந்தாலோ, பாதி விலைக்குத் தந்தாலும் வேண்டாம்.