மீனவர் படகில் சோதிப்பது வீண் செலவல்ல
புது வலையை ஆராய்ச்சிக் கப்பலில் சோதித்தாலே போதும், மீனவர் படகை வாடகைக்கு எடுப்பது வீண் செலவு என்ற கட்டுரையின் வாதத்தை ஏற்க முடியவில்லை. எங்கள் விசைப்படகு ஒருமுறை சதுரக்கண் மடி சோதனைக்குப் போனது. மடி என்பது இழுவலையின் கடைசியில் மீன் சேரும் பை. வழக்கமான மடியின் சாய்சதுரக் கண் இழுக்கும்போது மூடிக்கொள்ளும். சதுரக்கண் திறந்தே நிற்பதால் குஞ்சு மீன் தப்பிவிடும். இறாலும் போய்விடுமே என்று முதல் நாள் பயந்த டிரைவர், சங்காயம் என்னும் கழிவு மீன் குறைந்து தளத்தில் தரம்பிரிக்கும் வேலை சீக்கிரம் முடிந்ததும் அடுத்த நாள் அந்த மடியையே கேட்டார். கப்பலில் எடுத்த கணக்கைக் காட்டியிருந்தால் அவர் நம்பியிருக்க மாட்டார். வலையில் சிக்கும் கடலாமையை வெளியே விடும் ஆமை விலக்கியைப் பொருத்தாததால் நம் கடல் இறாலை அமெரிக்கா 2019இல் தடை செய்தது. அந்தக் கருவியையும் இப்படித்தான், எங்கள் படகில், எங்கள் ஆட்களை வைத்தே இழுத்துப் பார்க்க வேண்டும். சரி, வாடகை கொடுத்தால் மீனவர் சாதகமாகப் பேசுவார் என்று மேலே ஒருவர் எழுதியிருக்கிறார். சோதனை நடத்துபவர்கள் மீனவருக்குத் தருவது நாள் வாடகை. மடியில் என்ன விழுந்தாலும் தொகை மாறாது.