குயில் கேட்டால் போதுமா?

பங்குனி பாதியிலேயே எங்கள் தெரு வேப்பமரத்தில் கச்சேரி தொடங்கிவிட்டது. விடிகாலை நாலரைக்கெல்லாம் குயில். ஒவ்வொரு கூவலுக்கும் சுருதியைக் கொஞ்சம் ஏற்றிக்கொண்டே போய், உச்சியில் சட்டென்று நிறுத்தும். அப்புறம் மறுபடி கீழேயிருந்து ஆரம்பிக்கும். கறுப்பாக இருக்கும் ஆண் குயில்தான் இப்படிக் கூவுவது. பெண் குயில் உடம்பெல்லாம் புள்ளி போட்ட பழுப்பு. அது 'கிக் கிக்'கென்று கத்திக்கொண்டு பறக்கும்.

ஆனால் என் ஓட்டு குண்டுகரிச்சானுக்குத்தான். கறுப்பு வெள்ளைச் சட்டை, தூக்கி நிறுத்திய வால், மொட்டை மாடி டிஷ் ஆன்டெனா மேல் இடம். விடியும் முன்பே பாட ஆரம்பித்தால் சலிக்காமல் பாடும். இந்தப் பருவம் போனால் அப்புறம் அவ்வளவாக வாய் திறக்காது. வெயில் ஏறியதும் எங்கிருந்தோ குக்குறுவான், செம்புக்குடத்தைத் தட்டுவது போல ஒரே தாளத்தில் 'டுக் டுக் டுக்'. செம்பருத்தியில் தேன்சிட்டு, மெல்லிய கீச்சுக் குரலில்.

இதில் காது முதலில் கோட்டை விடுவது அந்தத் தேன்சிட்டைத்தான். உள்காதில் சுருண்டிருக்கும் குழலுக்குள், சத்தத்தை உணரும் மயிர்ச்செல்கள் ஒரு காதுக்குச் சுமார் 15,000 உண்டு. வாசலை ஒட்டி இருப்பவை கீச்சுக் குரல்களுக்கு, உள்ளே போகப் போகக் கனத்த குரல்களுக்கு. வயதானாலும் சரி, இரைச்சலில் அடிபட்டாலும் சரி, பெரும்பாலும் வாசல் பக்கம்தான் முதலில் பழுதாகும்.

எங்கள் பெரியப்பா நாற்பது வருடத்துக்கு மேல் மைக்செட் தொழில் செய்தவர். கல்யாணம், காதுகுத்து, பொங்கல், கட்சிக் கூட்டம் என்று எல்லாவற்றுக்கும் ஸ்பீக்கர் பெட்டிக்குப் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். போன மாதம் பேத்தி செம்பருத்தியைக் காட்டி, "தாத்தா, கேக்குதா?" என்றாள். கண்ணைச் சுருக்கிப் பார்த்தவர், "வாய் தொறந்து மூடுறது தெரியுது" என்றார். டாக்டரிடம் போவோம் என்றால், "குயில் நல்லாக் கேக்குதுல்ல, என் காதுக்கு ஒண்ணும் இல்ல" என்று முடித்துவிட்டார்.

நம் ஆட்கள் ஏமாறுவது இங்கேதான். குயிலின் குரல் அவ்வளவு கீச்சானது இல்லை. பழுதான காதுக்கும் அது கேட்கும். ச, த போன்ற மெய்யொலிகளின் கூர்மைதான் முதலில் போகும். அதனால்தான் வீட்டுப் பெரியவர்கள், "சத்தம் கேக்குது, என்ன சொல்றேன்னுதான் புரியல" என்கிறார்கள். நாமும் பக்கத்தில் போய்க் கத்துகிறோம். கத்தினால் உயிரெழுத்துதான் இன்னும் கனக்கும். முகத்துக்கு எதிரே நின்று நிதானமாகப் பேசினால் அவர்களுக்குப் பாதி வேலை மிச்சம்.

இதில் எனக்குப் பொறாமையே உண்டு. பறவைகளுக்கு உள்காதுச் செல் செத்தால் புதிதாக முளைக்கும். 1988-லேயே ஆராய்ச்சியாளர்கள் இதைக் கண்டு எழுதிவிட்டார்கள். வேட்டுச் சத்தத்தில் காது போன பறவைக்குக்கூட அது திரும்ப வர வாய்ப்புண்டு. நமக்குப் போனது போனதுதான்.

அதனால் இருப்பதைப் பார்த்துச் செலவழிக்க வேண்டியிருக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 80 டெசிபல் சத்தத்தை வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்கலாம். 90 டெசிபல் என்றால் 4 மணி நேரம்தான். பத்து டெசிபல் ஏறியதற்கே இவ்வளவு வெட்டு! பஸ் இரைச்சலை அமுக்க ஹெட்போனில் சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போகிற பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிவையுங்கள். கச்சேரியோ வேட்டோ முடிந்து வீட்டுக்கு வந்தபின் காதில் 'ஙொய்' என்றால் காது அடிவாங்கியிருக்கிறது என்று அர்த்தம். அடுத்த முறை தள்ளி நில்லுங்கள், மருந்துக்கடையில் கிடைக்கும் காது அடைப்பானை வைத்துக்கொள்ளுங்கள். ஹேர்பின், வண்டிச் சாவி, கோழி இறகு எதையும் காதுக்குள் விடாதீர்கள். கோழி இறகில் என்ன சுகமோ, எங்கள் ஊரில் பாதிப் பேர் விடமாட்டேன் என்கிறார்கள்.

ஐம்பதைத் தாண்டியவர்கள் ஒருமுறை ஆடியோகிராம் எடுத்துவிடுவது நல்லது. அறைக்குள் உட்கார வைத்து, விதவிதமான சுருதியில் 'பீப்' சத்தம் கொடுத்துப் பார்ப்பார்கள். வலி, ஊசி எதுவும் கிடையாது. மெஷின் மாட்டச் சொன்னால் மாட்டிக்கொள்ளுங்கள். மூக்குக்கண்ணாடி போட்டவரை 'குருடு' என்று யாரும் சொல்வதில்லை. காதில் மெஷின் வைத்தவரை மட்டும் முதுகுக்குப் பின்னால் 'செவிடு' என்கிறோம். அந்த வாய்க்குப் பயந்துதான் பெரியப்பா மாதிரி ஆட்கள் வீட்டுக்குள்ளேயே தனியாகிப் போகிறார்கள்.

இந்த இளவேனிலிலேயே நம் ஊர்த் திருவிழாக்களும் வருகின்றன. கொண்டாட்டம் வேண்டாம் என்று சொல்கிற ஆள் நான் இல்லை. நாதஸ்வரமும் தவிலும் இல்லாத சித்திரை எனக்கு ஆகாது. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55, இரவில் 45 டெசிபல்தான் வரம்பு. இரவு பத்து முதல் காலை ஆறு வரை வெளியில் ஒலிபெருக்கி கூடாது. திருவிழாவுக்கென்று அரசு தனியாக அனுமதித்தாலும் நள்ளிரவோடு சரி. எங்கள் ஊரிலோ விடிகாலை நாலு மணிக்கே குழாய் அலற ஆரம்பித்துவிடும். கமிட்டி அண்ணன்மார் இதைப் படித்தால் ஒரு வேண்டுகோள்: குழாயை வேப்பமரத்தில் கட்டாதீர்கள், பெட்டிகளை வீட்டு ஜன்னல் பக்கம் திருப்பாதீர்கள், சின்னப்பிள்ளைகள் உட்காருகிற இடத்தில் வைக்காதீர்கள். காலை ஆறு மணிக்கு அப்புறம் போடுங்கள். சாமிக்கு நன்றாகவே காது கேட்கும்.