தாதியின் பொறுப்பு வைத்தியரின் கையெழுத்தோடு முடிவதில்லை

"வைத்தியர் எழுதியதைக் கொடுத்தால் தாதிக்குப் பொறுப்பில்லை" என்று ஒருவர் இங்கே எழுதியிருப்பது தவறு. யாழ்ப்பாணத்தில் தாதியப் பயிற்சிக்குக் காத்திருக்கும் பிள்ளைகளும் இதை வாசிப்பார்கள் என்பதால் திருத்துகிறேன். சர்வதேச தாதியர் பேரவை 1953இல் ஏற்றுக்கொண்டு, 2021இல் மீளத் திருத்திய ஒழுக்கக் கோவை, தாதியப் பணிக்கான பொறுப்புக்கூறலைத் தாதியிடமே தனிப்பட வைக்கிறது. வைத்தியரின் பொறுப்பு இதனால் குறைவதுமில்லை. உதாரணமாக, இரத்தத்தில் பொட்டாசியம் குறைந்தவர்களுக்குக் கொடுக்கும் மருந்தான செறிந்த பொட்டாசியம் குளோரைட்டை ஐதாக்காமல் நாளத்தில் நேரடியாக ஏற்றினால் இதயம் நின்றுவிடலாம். அவ்வாறு ஏற்றும்படி தவறுதலாக எழுதப்பட்டிருந்தால், நள்ளிரவானாலும், நோயாளர் விடுதியில் எவ்வளவு நெருக்கடி இருந்தாலும், மருந்தை நிறுத்திவைத்து, வைத்தியரை அழைத்துக் கேட்டு, கேட்டதையும் கிடைத்த பதிலையும் நேரத்துடன் நோயாளியின் குறிப்பேட்டில் பதிவது தாதியின் கடமையாகும்.