மூடின கேட்டைப் பார்த்து ஹாரன் அடிக்கிறவனை என்னவென்று திட்டுவது?

கேட் மூடியிருக்கிறது ஐயா. சிவப்பு விளக்கு எரிகிறது. எதிரே சரக்கு ரயில் ஊர்ந்துகொண்டிருக்கிறது. இதில் எதைப் பார்த்து ஹாரன் அடிக்கிறான்? ரயிலை ஓரமாகப் போகச் சொல்கிறானா?

சென்னை கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டில் நின்றவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. இன்று காலை, சரியாக என் முதுகுக்குப் பின்னால் ஒருவன். பாம், பாம். கொஞ்சம் அமைதி. அப்புறம் பாஆஆம். அவனுக்கு முன்னால் நான், எனக்கு முன்னால் மீன் கூடை ஏற்றிய ஆட்டோ, அதற்கு முன்னால் 58 பெட்டிகள். எண்ணினேன், இடது காலை ஊன்றிக்கொண்டு நிற்கிறவனுக்கு வேறென்ன வேலை. பக்கத்து ஷேர் ஆட்டோவில் ஒரு பெண் மடியில் கைக்குழந்தை. ஒவ்வொரு பாமுக்கும் அதற்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்தப் பெண் திரும்பி முறைத்தாள். அந்த முறைப்புக்கும் ஒரு ஹாரன்.

தாங்க முடியாமல் கேட்டுவிட்டேன்: "தம்பி, உனக்கெல்லாம் சொரணையே கிடையாதா?"

அவ்வளவுதான். "யாரப் பாத்து இன்னா பேச்சு பேசற? மருவாதியா பேசுண்ணா!" வண்டியை ஸ்டாண்டு போட்டு இறங்கவே பார்த்தான்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது, தப்பான சொல்லை விட்டுவிட்டேன். சொரணை அவனிடம் கொட்டிக் கிடக்கிறது! ஸ்மரணை என்ற வடசொல் தேய்ந்து சுரணையாகி, நம் வாயில் சொரணையானது. கிள்ளினால் தெரிகிற உணர்ச்சியும் அதுதான், திட்டினால் சுருக்கென்று தைக்கிற ரோஷமும் அதுதான். இரண்டுமே அவனவன் தோலோடு முடிந்துவிடுகிற சமாச்சாரம். பக்கத்துக் குழந்தையின் காது அதில் வராது. அவனிடம் இல்லாதது இங்கிதம், அதாவது அடுத்தவர் மனக்குறிப்பை அறிந்து நடக்கிற பக்குவம். குறிப்பறிதல் என்று ஒரே தலைப்பில் வள்ளுவர் இரண்டு அதிகாரம் வைத்தார், 71, 110. அரசவைக்கு ஒன்று, காதலர்களுக்கு ஒன்று. ரயில்வே கேட்டுக்கு ஒன்று எழுதாமல் போய்விட்டார்.

சரி, "இங்கிதம் கெட்டவனே" என்று நடுரோட்டில் கத்தவா முடியும்? யாரோ இங்கிதம் என்கிற பொண்ணைத் தேடுகிறேன் என்று நினைப்பார்கள். எருமை மாட்டின் மேல் மழை பெய்த மாதிரி என்பதும் எருமைக்குச் செய்கிற அநியாயம். எருமை ஹாரனா அடிக்கிறது?

கேட் திறந்தது. எதிர்ப்பக்கத்தில் இருப்பவர்கள் நம் பாதிச் சாலையையும் சேர்த்து அடைத்து நிற்கிறார்கள், அவர்களுக்குத் தனிப் பதிவு போட வேண்டும். கியர் போட இடது காலைத் தூக்கினேன். தூக்க வரவில்லை. மரத்துப்போய்க் கட்டை மாதிரி கிடக்கிறது, சுத்தமாகச் சொரணை இல்லை.

பின்னாலிருந்து பாஆஆம்.

இது ஒன்று மட்டும் நியாயமான ஹாரன். சிரித்துத் தொலைத்தேன்.