கூலர் ஆர்டர் போடறக்கு முன்னாடி கார்டை ஒருக்கா கழட்டிப் பாருங்க

நேத்து பொழுதோட அவிநாசியில இருந்து ஒரு தம்பி கூப்பிட்டான், கல்யாண வீடியோ எடிட் பண்றவன். "அண்ணா, கிராபிக்ஸ் கார்டு சூடு தாங்கலீங்ணா, பெரிய கூலரா ஒண்ணு வாங்கி மாட்டிறலாம்னு இருக்கறேன், எதுங்ணா வாங்கறது?"ன்னு கேட்டான். ஒரு பேரை சொல்லிட்டு போனை வெச்சிருக்கலாம். ஆனா சில வருசம் முன்னாடி இதே கேள்வியை நான் ஒரு கடைக்காரர்கிட்ட கேட்டு, அவர் சொன்னதை அப்படியே வாங்கிட்டு வந்து பட்டது இன்னும் மனசுல கெடக்குது. அதான் வெலாவாரியா எழுதறேன்.

எனக்கு திருப்பூர், டிசைன் வேலை. பனியனுக்கு பிரிண்ட் போடறக்கு முன்னாடி துணி எப்படி இருக்கும்னு 3டில ரெண்டர் பண்ணி, சரக்கு வாங்கற பையருக்கு அனுப்போணும். அப்ப இருந்தது ஜிடிஎக்ஸ் 1080, 2016ல வந்த கார்டு, 180 வாட், ஒத்தை ப்ளோவர் விசிறி. ரெண்டர் போட்டா 83 டிகிரில போய் நின்னுக்கும், அதுக்கு மேல ஏறாம இருக்கறக்கு தானே வேகத்தை கொறைச்சுக்கும், விசிறி சத்தம் பக்கத்து ரூம் வரைக்கும் கேக்கும். சரி கூலர்தான் பத்தலைன்னு நெனச்சு புதுசு வாங்கிட்டேன். மாட்டறக்காக பழசை கழட்டுனப்பத்தான் பாக்கறேன், விசிறிக்கும் ஃபின்னுக்கும் (சூட்டை வெளிய விடற மெல்லிசு தகடுங்க) நடுவால பஞ்சு. சும்மா தூசி இல்லீங்க, கட்டிங் செக்சன்ல இருந்து பறந்து வர்ற பஞ்சு, வெரலால இழுத்தா கம்பளித்துண்டாட்ட ஒரே ஏடா உரிஞ்சு வந்துச்சு, அதுக்கு அடியில ஃபின் புதுசாட்ட பளபளன்னு இருக்குது. சிப்போட சூட்டை கூலருக்கு கடத்தறக்கு மேல தடவியிருந்த பேஸ்ட் காஞ்சு சுண்ணாம்பாட்ட பொரிஞ்சு கெடந்துச்சு. காத்தே போகலீன்னா எந்த கூலர் என்ன பண்ணும்? அன்னைக்கே பஞ்சை எடுத்து பேஸ்ட்டை மாத்தி பழசையே மாட்டியிருந்தா பாதி பிரச்சனை தீந்திருக்கும்.

ஆனா காசு போட்டாச்சு, மாட்டிட்டேன். நடு சிப்பு 64 டிகிரி, சத்தமே இல்ல, எனக்கு நெம்ப சந்தோசம். ஏப்ரல் வந்துச்சு. எங்க ஆபீஸ் தகரக்கூரை, மத்தியானம் உள்ள உக்கார முடியாது. ஒரு நாள் நாலு மணி நேரமா ரெண்டர் ஓடிட்டு இருந்தது, திடீர்னு ஸ்கிரீன் பூராம் கலர் கலரா கட்டம், அப்படியே நின்னுருச்சு. அப்பவும் சாஃப்ட்வேர் 64ன்னுதான் காட்டுது. கேபினெட்டை தொறந்தா, விஆர்எம், அதாவது சிப்புக்கு கரண்டை அளவா குடுக்கற பகுதி, அது மேல டேப் போட்டு ஒட்டுன குட்டி ஹீட்சிங்க் (சூட்டை இழுக்கற உலோகத் துண்டு) ரெண்டு சூட்டுல பசை விட்டு கீழ உழுந்து கெடக்குது. அந்த கார்டுல சென்சார் காட்டறது நடு சிப்போட சூடு மட்டுந்தான், மெமரியும் விஆர்எம்மும் வெந்துட்டு இருந்தது எனக்கு தெரியவே இல்ல.

அதனால நான் சொல்றது இதுதாங்க, தனியா வாங்கி மாட்டற ஆஃப்டர்மார்க்கெட் கூலர்ல நடு சிப்பு எத்தனை டிகிரி எறங்குதுன்னு பாத்து வாங்காதீங்க, மெமரிக்கும் விஆர்எம்முக்கும் என்ன வழி வெச்சிருக்கறான்னு மொதல்ல பாருங்க. ஸ்க்ரூ போட்டு இறுக்கற பிளேட்டா இருந்தா நிம்மதி. ஒட்டற ஹீட்சிங்க்தான்னா ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் வெச்சு சிப்பை நல்லா தொடச்சு, நல்லா அழுத்தி, ஒரு ராத்திரி அப்படியே விட்டுட்டு பொறவு ஓட்டோணும்.

அப்பறம் அளவு. சிப்பை சுத்தி இருக்கற நாலு ஓட்டைக்கு நடுவால எத்தனை மில்லிமீட்டர்ங்கறதுல தான் கூலர் சேருமா சேராதாங்கறதே இருக்குது, "எல்லா கார்டுக்கும் சேருங்க"ன்னு கடையில சொன்னா நம்பாதீங்க. நம்ம கோயமுத்தூர் திருப்பூர் பக்கம் லேத் பட்டறை இல்லாத வீதி ஏது, மில்லிமீட்டர் சுத்தமா அளக்கற வெர்னியர் காலிப்பரை கடன் வாங்கி அளக்கறக்கு பத்து நிமிசம் ஆகுமா? ரைஜின்டெக் மார்ஃபியஸ் மாதிரி ஒண்ணுன்னா 12 ஹீட்பைப் (சூட்டை கடத்தற குழாய்), நல்ல சாமான், ஆனா அதுமேல 120 எம்எம் விசிறி ரெண்டு நாமதான் வாங்கி மாட்டோணும், மாட்டுனா கேபினெட்டுல மூணு கார்டு ஸ்லாட் எடத்துக்கு மேல அடைச்சுக்கும், கூலரே அரை கிலோவுக்கு எச்சா இருக்கும், கார்டு தொங்காம முட்டு குடுக்கோணும். இறுக்கறப்ப குறுக்கால குறுக்கால கொஞ்சூண்டு கொஞ்சூண்டா இறுக்குங்க, சிப்பு மேல மூடி கெடையாது, மூலை செதறுனா கார்டே போச்சு.

இன்னொண்ணு, வெளிநாட்டு ரிவ்யூல 20, 22 டிகிரி ரூம்ல வெச்சு எடுத்த கணக்கை பாத்துட்டு நம்ம ரூம்ல அதை எதிர்பாக்கறாங்க. சித்திரை மாசத்துல ரூமே 37ல இருக்கும், அந்த வித்தியாசத்தை அப்படியே கூட்டிக்கோங்க. காத்து கூலர் எதுவும் ரூம் சூட்டுக்கு கீழ எறக்காது. பஞ்சு ஊருல இருக்கறவங்க ஃபின்னு நெருக்கமா இருக்கறதை விட கொஞ்சம் எட்ட எட்ட இருக்கறதா பாத்து வாங்குங்க, பிரஷ் உள்ள போகோணும். கம்பெனி கம்ப்ரசர்ல நேரா ஊதறாங்க பாருங்க, அதுல தண்ணி வரும், விசிறியும் கண்டபடி சுத்தி பேரிங் போயிரும். வெரலால விசிறியை புடிச்சுட்டு எட்ட இருந்து ஊதோணும், அதுக்கு முன்னாடி தண்ணியை வடிச்சுரோணும்.

இப்ப வர்ற கார்டுல கம்பெனி கூலரே பெருசு. நெறைய பேருக்கு மேல இருக்கற பிளாஸ்டிக் கூட்டை கழட்டிட்டு ரெண்டு 120 எம்எம் விசிறியை கட்டி விட்டாலே போதும், கூட ஆஃப்டர்பர்னர்ங்கற சாஃப்ட்வேர்ல கார்டோட வோல்டேஜை கொஞ்சம் எறக்குனா போதும், புது கூலர் காசு மிச்சம். வாரண்டி இருக்கற கார்டுன்னா இதெல்லாம் பண்றக்கு முன்னாடி ஒருக்கா கேட்டுக்கோங்க.

தம்பி வெச்சிருக்கறது செகண்ட் ஹேண்ட்ல வாங்குன ஆர்டிஎக்ஸ் 3080 கார்டு. சூடு காட்டற எச்டபிள்யூ இன்ஃபோ சாஃப்ட்வேரை போட்டு பாக்க சொன்னேன். நடு சிப்பு 69, மெமரி ஜங்ஷன், அதாவது மெமரி சிப்புக்கு உள்ள இருக்கற சூடு, 108. 110ஐ தொட்டா மெமரி வேகம் எறங்கிரும், அதுதான் வீடியோ எக்ஸ்போர்ட் போடறப்ப இழுக்குது. "கூலர் நல்லாத்தான் கண்ணு இருக்குது, மெமரிக்கும் கூலருக்கும் நடுவால சூடு கடத்தற பேட் செத்துப் போச்சு"ன்னேன். உடனே ரெண்டு எம்எம் பேட் ஆர்டர் போடட்டுமாங்ணான்னான். வேண்டாம்னுட்டேன், அரை எம்எம் எச்சா போனாலும் கூலர் நடு சிப்புல உக்காராது. ஞாயித்துக்கெழம கார்டை எடுத்துட்டு வர்றான், எதுத்த பட்டறை மாமாகிட்ட வெர்னியர் சொல்லி வெச்சாச்சு.