கேன் ஒன்றுதான், புல்தரையும் ஒன்றுதான்

சமூக ஊடகத்தில் சுற்றிக்கொண்டிருக்கும் அந்தப் படத்தைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். ஆளாளுக்கு எழுதித் தீர்த்தாயிற்று, நான் வேறு எதற்கு என்று. ஆனால் இன்று காலையில் என் சொந்தச் சித்தியே அதை எனக்கு அனுப்பி, "பாரும்மா, நம்ம மானத்தை வாங்குறானுங்க" என்று கீழே எழுதியிருந்தார். சரி, எழுதிவிடுவோம்.

படத்தை மறுபடி இங்கே போட மாட்டேன். பார்த்தவர்களுக்குத் தெரியும். சிங்கப்பூர் ஈஸ்ட் கோஸ்ட் பூங்கா, மாலை வெயில். தமிழ்நாட்டிலிருந்து இங்கே வேலைக்கு வந்த மூன்று தம்பிகள் புல்லில் உட்கார்ந்திருக்கிறார்கள். நடுவில் ஒரு பிளாஸ்டிக் பை, அதன் மேல் பிரித்து வைத்த மிக்சர் பொட்டலம். ஆளுக்கு ஒரு பியர் கேன். ஒருவர் செருப்பைக் கழற்றி அதன் மேலேயே உட்கார்ந்திருக்கிறார். அவ்வளவுதான். யாரும் சண்டை போடவில்லை, யாரும் விழுந்து கிடக்கவில்லை. மூன்று முகமும் தெளிவாகத் தெரிகிறது. மேலே ஒரு வரி: "இவர்களால்தான் நமக்குத் தலைகுனிவு."

போட்டவர் யார் என்றும் உங்களுக்குத் தெரியும், பெயர் வேண்டாம். இதே மனிதர்தான் போன மாதம் மரினா பரேஜ் அணையின் புல்கூரையில் பாய் விரித்து, கையில் யூசு ஹைபால் என்கிற கலப்பு மது கேனோடு, பின்னால் ஃபிளையர் ராட்டினமும் மரினா பே சாண்ட்ஸும் தெரிய ஒரு படம் போட்டார். கூடவே கேன் காக்டெய்ல் வாங்கிக்கொண்டு போய் உட்காரத் தோதான இடங்கள் என்று ஒரு பட்டியல். மவுண்ட் ஃபேபர், சாங்கி கடற்கரை, பெடோக் ஜெட்டி, உட்லண்ட்ஸ் வாட்டர்ஃபிரண்ட். ஈஸ்ட் கோஸ்ட் புல்தரையும் அந்தப் பட்டியலில் இருந்தது! நல்ல பட்டியல்தான், நானே சேமித்து வைத்திருக்கிறேன்.

ஆக, அதே பூங்கா, அதே புல், அதே கடல், அதே அலுமினிய கேன். அவர் திறந்தால் "வைப்". தம்பிகள் திறந்தால் தலைகுனிவு.

"காக்டெய்ல் வேறு, பியர் வேறு" என்று ஒருவர் கமெண்டில் வகுப்பெடுத்திருந்தார். ரொம்ப நன்றி. கணக்குப் போட்டுப் பார்ப்போமா? 5 சதவீத பியர் 330 மில்லி குடித்தால் உள்ளே போகும் ஆல்கஹால் 16.5 மில்லி. அதே 5 சதவீத ஹைபால் 350 மில்லி கேன் என்றால் 17.5 மில்லி. சூஹாய் என்கிற ஜப்பானியப் பழச்சுவை மது வகையில், அதே அளவில், 9 சதவீத "ஸ்ட்ராங்" கேன் ஒன்று இருக்கிறதே, அழகாக எலுமிச்சம்பழப் படம் போட்டது, அதில் 31.5 மில்லி. கிட்டத்தட்ட இரண்டு பியர். எலுமிச்சம்பழப் படம் ஈரலுக்குத் தெரியாது.

அடுத்தது, "சட்டம் என்று ஒன்று இருக்கிறதே". இருக்கிறது. நானும் படித்திருக்கிறேன். 2015 ஏப்ரல் 1 முதல் பொது இடத்தில் இரவு 10.30 மணியிலிருந்து காலை 7 மணி வரை குடிக்கக் கூடாது. மீறினால் 1,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை அபராதம். நம் ஊரில் சூரியன் மறைவதே ஏழு மணி வாக்கில். படத்தில் வெயில் அடிக்கிறது. எந்தச் சட்டத்தை மீறினார்கள்?

சட்டம் பேசுகிறவர்கள் அதை முழுதாகப் பேச வேண்டும். அதே சட்டம் தேக்காவையும் (லிட்டில் இந்தியா) கேலாங்கையும் தனியாகப் பிரித்து வைத்திருக்கிறது. தேக்காவில் சனிக்கிழமை காலை 7 மணியிலிருந்து திங்கட்கிழமை காலை 7 மணி வரை பொது இடத்தில் ஒரு மடக்குகூடக் குடிக்க முடியாது. 2013 டிசம்பர் 8 அன்று தேக்காவில் நடந்த கலவரத்துக்குப் பிறகு வந்த ஏற்பாடு. விசாரணைக் குழுவும் மதுவை ஒரு காரணமாகச் சொன்னது உண்மைதான், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் இந்தத் தம்பிகளில் பெரும்பாலானவர்களுக்கு லீவு கிடைப்பதே ஞாயிற்றுக்கிழமைதான். கிடைக்கும் அந்த ஒரு நாளில் தேக்காவில் கேனைத் திறக்கக் கூடாது. சரி என்று, அனுமதி உள்ள இடமாகப் பார்த்து, பஸ் மாறி பஸ் மாறி ஈஸ்ட் கோஸ்டுக்கு வந்து, பொழுதோடு ஒரு பியர் குடிக்கிறார்கள். சட்டத்தை இதைவிட ஒழுங்காக யார் மதிப்பது? அங்கேயும் கேமராவோடு ஒருவர் நின்றால் அவர்கள் எங்கேதான் போவது?

"குப்பை போடுகிறார்களே." குப்பை போடுவது தப்பு, யார் போட்டாலும். படத்தில் பை இருக்கிறது, எதற்கு என்று நினைக்கிறீர்கள்? ஞாயிறு காலை அந்தப் பக்கம் ஓடப்போகும்போது நான் தாண்டிப் போவது பெரும்பாலும் பிராசெக்கோ வைன் பாட்டிலையும் பிறந்தநாள் பலூனையும். பலூனில் "ஹேப்பி தேர்ட்டி" என்றெல்லாம் எழுதியிருக்கும். காலி கேனைத் திருப்பிக் கொடுத்தால் 10 காசு திரும்பக் கிடைக்கும் வைப்புத்தொகைத் திட்டத்துக்கு 2026 ஏப்ரல் 1 என்று தேதி வைத்தார்கள். அதில் கேனைத் தேடித் திருப்பிக் கொடுப்பது யார், புல்லில் விட்டுவிட்டுப் போவது யார் என்று எனக்கு ஓரளவு தெரியும்.

"பெண்கள் பயப்படுகிறார்கள்" என்று எழுதியவர்கள் எல்லாருமே ஆண்கள், அதை முதலில் சொல்லிவிடுகிறேன். இருந்தாலும் இதை நான் தள்ளிவிட மாட்டேன். இருட்டில் ஆண்கள் கூட்டமாக உட்கார்ந்திருந்தால் நானும் கொஞ்சம் தள்ளித்தான் நடப்பேன். ஆனால் நிஜமாகவே என்னைப் பின்தொடர்ந்து வந்து, "ஹலோ, ஹலோ" என்று கத்தி, நான் டாக்சியில் ஏறும் வரை விடாதவர்கள் ராபர்ட்சன் கீ பக்கம், இஸ்திரி கலையாத சட்டையும் கழுத்தில் ஆபீஸ் பாஸும் போட்டிருந்தவர்கள். அவர்களை யாரும் படம் எடுத்து "தலைகுனிவு" என்று போடவில்லை. எனக்கும் தோன்றவில்லை, ஓடுவதில்தான் கவனம்.

"தமிழ்ப் பெண் குடியைப் பற்றி எழுதலாமா" என்று கேட்ட பெரியவருக்கு: அதியமான் அவ்வைக்குக் கள் கொடுத்தான். அவளே பாடி வைத்திருக்கிறாள். மேற்கொண்டு அவளிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

என் அப்பா துறைமுகத்தில் லாஷிங் வேலை பார்த்தவர். கப்பலில் கண்டெய்னர் நகராமல் இரும்புக் கம்பி போட்டு இறுக்கிக் கட்டுகிற வேலை. லீவு நாளில் எங்களை பெடோக் ஜெட்டிக்குக் கூட்டிப் போவார். தூண்டில் பெயருக்குத்தான், மீன் மாட்டி நான் பார்த்ததில்லை. ஒரு ஆங்கர் பியர் கேனை எடுத்து, முந்தின நாள் தமிழ்ப் பேப்பரில் சுற்றி வைத்துக்கொண்டு மெதுவாகக் குடிப்பார். "ஏம்ப்பா சுத்தி வச்சிருக்கீங்க" என்றால், "ஜில்லுனு இருக்கும்மா" என்பார். பேப்பர் ஊறி, எழுத்தின் மை அவர் விரலில் ஒட்டியிருக்கும். பக்கத்திலேயே வெள்ளைக்காரக் குடும்பம் ஒன்று கண்ணாடிக் கிளாசில் வைன் ஊற்றி, வெட்ட வெளிச்சத்தில் குடித்துக்கொண்டிருக்கும். அதை யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். பேப்பரைச் சுற்றியது ஜில்லென்று இருக்க அல்ல என்று எனக்குப் புரிய வெகுகாலம் ஆனது.

ஆனால் அந்தக் கடலை அப்பா பார்த்த மாதிரி யாரும் பார்த்து நான் கண்டதில்லை. தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும் கப்பல்களை விரலால் காட்டுவார். "அது டேங்கர், காலி. அடியில செவப்பு தெரியுது பாரு, ஒசந்து நிக்குது. இது லோடு ஏத்தினது, தண்ணியில அமுங்கியிருக்கு." பட்டியல் போட்ட நண்பர் அதே கப்பல் வரிசையை "பேக்டிராப்" என்று எழுதியிருந்தார்.

இங்கே யாராவது "இந்த நகரத்தைக் கட்டியதே அவர்கள்தானே" என்று எனக்கு ஆதரவாக எழுதுவீர்கள். வேண்டாம். கட்டியவனுக்குத்தான் உட்கார உரிமை என்றால், கட்டாத நாம் எல்லாரும் எழுந்து போக வேண்டியதுதான். ஈஸ்ட் கோஸ்ட் புல்தரையே 1966-இல் தொடங்கி கடலைத் தூர்த்துப் போட்ட மண். அதற்கு முன்னால் அங்கே தண்ணீர்தான். நம் தாத்தா யாரும் அதை நம் பெயரில் எழுதி வைத்துவிட்டுப் போகவில்லை. அப்புறம் என்ன "நம் பூங்காவில் இவர்கள்"?

சித்தி, இது உங்களுக்கும் சேர்த்துத்தான். அந்த ஜெட்டியில் அப்பாவுக்குப் பக்கத்தில் சித்தப்பாவும் உட்கார்ந்திருப்பார். நீங்கள் புளிசாதம் கட்டிக்கொண்டு வருவீர்கள். சித்தப்பா கையில் இருந்தது என்ன, இளநீரா? நாமும் அப்போது யாருக்கோ தலைகுனிவாகத்தான் இருந்திருப்போம், படம் எடுக்க ஆளாளுக்கு போன் இல்லை, அவ்வளவுதான்.

படத்தை நீக்கிவிட்டார், இனியும் ஏன் பேசுகிறாய் என்று இன்பாக்ஸில் கேட்கிறார்கள். இங்கே நீக்கினால் போதுமா? அது ஊருக்குப் போய்விட்டது. பட்டுக்கோட்டைப் பக்கமோ அறந்தாங்கிப் பக்கமோ ஒரு அம்மாவின் போனில் அது இப்போது இருக்கும். கடன் வாங்கி அனுப்பி வைத்த பிள்ளை, கையில் கேனோடு. அந்த வீட்டில் இந்த வாரம் என்ன பேச்சு நடந்திருக்கும் என்று யோசித்தால் எனக்கு வயிற்றைப் பிசைகிறது. ஒரு பியர் ஐயா. ஒரே ஒரு பியர். "தெரியாமல் பண்ணிவிட்டேன்" என்றுகூட அவர் இன்னும் எழுதவில்லை. நேற்று சென்டோசாவிலிருந்து புதுப் படம் போட்டிருக்கிறார், பீச் மோஜிட்டோவாம்.

கமெண்டைத் திறந்தே வைத்திருக்கிறேன். அந்த மூன்று பேரில் யாரையாவது தெரிந்தவர்கள் இருந்தால் எனக்குத் தனியாக எழுதுங்கள், பொதுவில் பெயர் போட வேண்டாம். படத்தை மறுபடி ஒட்டுகிறவர்களை பிளாக் செய்வேன், சித்தி உட்பட.