வீட்டில் போக்கர்: மாட்டிவிடுவது கமிஷன்தான்

"ஃபிரண்ட்ஸோட வீட்ல காசு வெச்சு போக்கர் ஆடினா போலீஸ் பிடிக்குமா?" என்று யாராவது கேட்டால் உடனே ஒருவர் "அது ஸ்கில் கேம், தப்பே இல்ல" என்பார். இன்னொருவர் "சீட்டைத் தொட்டாலே கேஸ்தான்" என்பார். சட்டத்தில் இரண்டும் இல்லை.

தமிழ்நாட்டில் இதற்கு 1930-ஆம் ஆண்டு சூதாட்டச் சட்டம் இருக்கிறது. சென்னை மாநகருக்கு 1888-ஆம் ஆண்டு காவல் சட்டம். சீட்டாட்டத்தைப் பொறுத்தவரை வீட்டை 'பொதுச் சூதாட்ட விடுதி' ஆக்குவது ஒன்றுதான்: இடத்தையோ சீட்டையோ கொடுத்து வீட்டுக்காரர் லாபம் பார்ப்பது. 1967-ல் செகந்திராபாத் கிளப் வழக்கில் உச்ச நீதிமன்றம் ரம்மியைத் திறமை ஆட்டம் என்றது. எல்லோரும் அதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். நடத்துபவர் ஆட்டத்தில் லாபம் பார்த்தால் குற்றமாகலாம் என்றும், மூணு சீட்டு முழுக்க அதிர்ஷ்டம் என்றும் அதே தீர்ப்பு சொல்கிறது. போக்கர் விஷயத்தில் நீதிமன்றங்களே ஒத்துப்போகவில்லை. குஜராத் உயர் நீதிமன்றம் 2017-ல் சூது என்றது. தமிழ்நாட்டின் 2022 ஆன்லைன் சூதாட்டத் தடைச் சட்டத்தின் அட்டவணையில் ரம்மியையும் போக்கரையும் அதிர்ஷ்ட ஆட்டமாகச் சேர்த்தது செல்லாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2023 நவம்பரில் சொன்னது. ஆக, திறமை வாதத்தை மட்டும் நம்பி மேசை போடாதீர்கள்.

கணக்கைப் பாருங்கள். 8 பேர், ஆளுக்கு 2,000 ரூபாய் சிப்ஸ் (காசுக்குப் பதில் மேசையில் வைக்கும் வில்லைகள்), மொத்தம் 16,000. கடைசியில் எண்ணினாலும் 16,000 வர வேண்டும். "பிரியாணிக்கு" என்று ஒவ்வொரு சுற்றிலும் நடுவில் சேரும் பந்தயப் பணத்திலிருந்து 50 ரூபாய் ஒதுக்கினால், மணிக்கு 25 சுற்று, 5 மணி நேரத்தில் 6,250 ரூபாய் காணாமல் போயிருக்கும். இதுதான் கமிஷன். எந்த ஊரில் அந்த விலைக்கு பிரியாணி? சாப்பாட்டுச் செலவை ஆட்டத்துக்கு முன்பே பில்லைக் காட்டிப் பிரித்துக்கொள்ளுங்கள், பந்தயப் பணத்தில் கை வைக்காதீர்கள். மேசை வாடகை, சீட்டுப் போடும் டீலருக்கு டிப்ஸ், வட்டிக்கு சிப்ஸ் கொடுப்பது எதுவும் வேண்டாம். வாட்ஸ்அப் குரூப்பில் "இன்னும் 2 சீட் காலி" என்று முகம் தெரியாதவர்களைக் கூப்பிட்டால், நண்பர்கள் ஆட்டம் என்று பிறகு சொல்வது எடுபடாது.

1930 சட்டத்தில் எனக்கு உறுத்துவது 5, 6, 7 பிரிவுகள். வாரண்டோடு வரும் போலீஸ், ஆடாமல் வேடிக்கை பார்த்தவரையும் பிடிக்கலாம். அங்கே கிடைத்த சீட்டுக்கட்டே சூதாட்ட விடுதி என்பதற்குச் சாட்சியாகிவிடும். காசு வைத்து ஆடியதை நிரூபிக்கத் தேவையில்லை. இல்லை என்று காட்டுவது உங்கள் பாடு. லாபத்தைக் குற்றமாக்கிவிட்டு, அதை நிரூபிக்கும் சுமையை மட்டும் இறக்கிவைத்துக்கொள்வது எந்த ஊர் நியாயம்?

சிங்கப்பூரில் 2022 ஆகஸ்ட் முதல் இதைத் தெளிவாகவே எழுதிவிட்டார்கள். வீட்டில், அறிமுகமானவர்களுக்குள், ஜெயித்தவரைத் தவிர யாருக்கும் லாபமில்லாமல் ஆடலாம். ஆன்லைனில் கூடாது. இங்கேயும் ஆப்பில் ஆடலாமே என்று நினைக்க வேண்டாம். 2025 ஆகஸ்டில் வந்த மத்திய சட்டம், காசு கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டங்களைத் திறமை, அதிர்ஷ்டம் என்று பார்க்காமல் தடை செய்கிறது.

கடன் சொல்லி ஆடுபவர்களுக்கு ஒன்று: 1872 ஒப்பந்தச் சட்டம் 30-ஆம் பிரிவின்படி பந்தய ஒப்பந்தம் செல்லாது. தோற்றவர் தராவிட்டால், கோர்ட்டுக்குப் போய் வசூலிக்க முடியாது.